நகஸே செதுக்கிய ஏழு பேர்

பவளக்கொடி நிலாவில் இறங்கியபோது, அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் கிளம்பிப் பத்து நாளாகியிருந்தது. அறையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒரு படம் மட்டும் மிச்சமிருந்தது. அதன் கீழே ஒரு சீட்டு: "படம் என்னுடையது. பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடவும். ஹிரோமு நகஸே."

மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த ஜப்பானியப் படம். பூமிக்கடியில் ஏழு ஆண்கள் வேலை செய்கிறார்கள். இடுப்பில் கச்சை, தலையில் சுற்றிய துணி, வேறெதுவும் உடம்பில் இல்லை. ஒருவன் கூடையைச் சுமந்து தவழ்கிறான். இரண்டு பேர் கூரைக்குக் கட்டை முட்டுக் கொடுக்கிறார்கள். ஒருவன் முழங்கையால் நெற்றியைத் துடைக்கிறான். ஒருவன் பாறைமுன் குனிந்து, விரல்களைக் கண்ணருகே வைத்திருக்கிறான். பாறை முழுக்க மரத்தின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒரு சின்ன எண், ஒன்று முதல் ஏழு வரை.

"சொந்தச் சாமானா ஒரு கிலோ எடுத்துட்டுப் போகலாம்னு விதி மேடம்," என்றான் சுதர்சன், முதல் நாள் பேச்சில். அவன் பெங்களூர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தான். தினமும் கால் மணி நேரம் அவளோடு பேசுவது அவன் வேலை. "எல்லாரும் போட்டோ, ஊறுகாய்னு கொண்டுபோவாங்க. அவர் ஒரு பலகையும் மூணு உளியும் கொண்டுபோனார். காத்து வடிகட்டுற தாள்ல மெசினுக்குப் போடுற கிராபைட்டக் கரைச்சு அச்சு எடுத்திருக்கார்."

"ஏன் ஒன்பது மாசத்துலயே திரும்பிட்டார்? ஒப்பந்தம் பதினாலு மாசமாச்சே?"

அவள் கேள்வி அங்கே போய்ப் பதில் வர எப்போதும் இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

"மனசு சரியில்லாமப் போயிடுச்சு. தனிமைதான்."

பவளக்கொடிக்கு நாற்பத்தாறு வயது. ஜார்க்கண்ட் நிலக்கரிச் சுரங்கங்களில் பதினாறு வருஷம் கூரைப் பாதுகாப்பு இன்ஜினியராக இருந்தவள். கணவர் போய் மூன்று வருஷம். பிள்ளை இல்லை. ஓசூர் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தனியாக இருக்க முடியுமா என்று நேர்காணலில் கேட்டபோது, அதற்காகத்தான் வருகிறேன் என்று சொன்னாள்.

நிலாவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்துக்கு அடியில் அந்தச் சுரங்கம். மண்ணோடு உறைந்து கிடந்த பனிக்கட்டியை ஏழு இயந்திரங்கள் வெட்டின. மனிதனைப் போல இரண்டு கை, இரண்டு கால், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண். நிலாத் தூசி ரம்பம் மாதிரி மூட்டுகளை அறுத்துவிடும். அதைத் தினமும் துடைத்து எண்ணெய் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்.

கீழே காற்றில்லை. அதனால் சத்தமும் இல்லை. துளைக்கருவிகள் பாறையைப் பிளக்கும், கட்டிகள் சரியும், அவளுக்குக் கேட்பது கவசத்துக்குள் தன் மூச்சு மட்டும். முதல் இரண்டு மாதம் அது பிடித்திருந்தது. மூன்றாம் மாதம், தண்ணீர் கொதிக்கும் இரைச்சலைக் கேட்பதற்காகவே டீ போட ஆரம்பித்தாள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு மறுபடி போடுவாள். நான்காம் மாதம் இயந்திரங்களோடு பேசினாள். "இன்னைக்கு என்ன, உன் முட்டி இப்படி இறுகிக் கெடக்குது?" கவசத்துக்குள் சொன்னது கவசத்துக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் வேலை ஆரம்பிக்கும் நேரத்தில் நான்காம் நம்பரின் முழங்கை மூட்டைத் துடைத்து முடித்து ஒதுங்கி நின்றாள். நான்கு பாறைமுன் போய் நின்றது. குனிந்தது. வலது கை விரல்களால் பாறையைத் தொட்டது. தொட்ட விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பிறகு துளைக்கருவியை எடுத்தது.

தினமும் செய்வதுதான். நூறு நாளாக அவள் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதை வேறெங்கோ பார்த்த ஞாபகம் வந்தது.

அறைக்கு வந்து படத்தின் முன் நின்றாள். நான்கு என்று எழுதியிருந்தவன் குனிந்து விரல்களைக் கண்ணருகே வைத்திருந்தான். தொழிலைத் தொட்டுக் கும்பிடுவது. அவள் அப்பா லாரியின் ஸ்டீயரிங்கைத் தொட்டு அப்படித்தான் ஒற்றிக்கொள்வார். ஜப்பான்காரர் ஒருவர் தானாகக் கற்பனை செய்து செதுக்குகிற சைகை இல்லை அது. பார்த்ததைச் செதுக்கியிருக்கிறார்.

மறுநாள் மற்ற ஆறையும் கவனித்தாள். இரண்டு, வேர்க்காத நெற்றியை முழங்கையால் துடைத்தது. ஐந்து இடதுகைப் பழக்கம். ஏழு அடிக்கடி நின்று, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி முதுகை வளைத்து நெட்டி முறித்தது. இயந்திரத்துக்கு எதற்கு முதுகு வலி?

"அது பயிற்சி மேடம்," என்றான் சுதர்சன். "நம்ம ஊர் கல்குவாரி ஆளுங்க வேலை செய்யற வீடியோவப் பாத்துத்தான் மெசினு கத்துக்கிச்சு. அவங்க பண்றதையெல்லாம் சேத்துக் கத்துக்கிச்சு. உள்ள ஆள் யாரும் இல்ல."

"ஆள் இருக்குதான்னு நான் கேக்கவே இல்லையே."

இரண்டரை விநாடி. அப்புறம் இன்னொரு இரண்டரை.

"நகஸே சாரும் இப்படித்தான் ஆரம்பிச்சார் மேடம். உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதை ரிப்போர்ட்ல எழுதாதீங்க. எழுதினா டாக்டர் பாக்கணும்பாங்க."

அவள் எழுதவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. நான்கின் முன்னால் நின்று கையை ஆட்டினாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு போனது. சுவரில் பெயிண்டால் எழுதிப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தன் முட்டாள்தனம் புரிந்தது. அந்தக் கண்கள் நிறத்தைப் பார்ப்பவையல்ல. ஒளியை அனுப்பி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அளப்பவை. அவற்றுக்கு மேடும் பள்ளமும்தான் தெரியும். பெயிண்ட் தெரியாது.

கைத்துளைக் கருவியை எடுத்துக்கொண்டு போனாள். நான்கு அடுத்த நாள் வெட்ட வேண்டிய பாறையில், விரல் ஆழத்துக்கு எழுத்துகளைச் செதுக்கினாள். என்ன எழுதுவது என்று யோசித்தபோது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்பதுதான் முதலில் வந்தது.

"எந்த ஊரு?"

வேலை ஆரம்பமானது. நான்கு வந்தது, குனிந்தது, பாறையைத் தொடக் கையை நீட்டியது. கை நடுவிலேயே நின்றுவிட்டது. மற்ற ஆறும் வெட்டிக்கொண்டிருந்தன. நான்கு வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவியது. கடைசியில் துளைக்கருவியை எடுத்து எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது.

பவளக்கொடி அன்று சாப்பிடவில்லை. தனக்கும் டாக்டர் தேவைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூட்டுத் துடைக்க இறங்கியபோது, பாறையின் ஓரத்தில் கோணல்மாணலாக இருந்தது.

"தியாகதுருகம். நீ?"

அவள் அந்த எழுத்துகள்மேல் கையுறையோடு கையை வைத்துக்கொண்டு அழுதாள். கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை. அவள் ஓய்வு நேரத்தில் செதுக்குவாள். நான்கு வேலை நேரத்தில் படித்து, பதில் வெட்டி வைக்கும். அடுத்த நாள் வேலையில் அந்தப் பாறையே இல்லாமல் போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது.

நான்காம் நம்பரின் பெயர் ஏகவல்லி. கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். இப்போது சேலம் ரோட்டில் ஒரு ஷெட்டில் வேலை. தலையில் கண்ணாடி மாட்டி, மேஸ்திரி குரல் மட்டும் கேட்கும்படி காதை அடைத்து, கையில் கனமான உறை போட்டு நிற்க வேண்டும். கையை அசைத்தால் எங்கேயோ ஒரு மெசின் பாறை வெட்டும். ஒரு ஷிப்டுக்கு ஏழு பேர், மொத்தம் நாற்பது பேர் வரை. பவளம் பார்ப்பது எப்போதும் பகல் ஷிப்டை. அதில் நாலு பேர் பெண்கள். அந்த மெசின் எங்கே இருக்கிறதென்று கேட்டதற்கு ஆஸ்திரேலியா என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ இப்ப எங்க?" என்று ஏகவல்லி ஒருநாள் கேட்டிருந்தாள்.

"நிலா" என்று செதுக்கினாள் பவளம்.

மறுநாள் பதில், "நிலாக்கா, சாப்ட்டியா?" கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துப் பவளம் சிரித்தாள். யாராவது அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டு ஐந்து மாதமாகியிருந்தது.

ஆறாம் மாதம் ஒருநாள் நீளமாக எழுதியிருந்தது. பாறை முழுக்க. "மொதல்ல நீ ஆளுன்னு நான் நம்பல. எங்க கண்ணாடில நீ எட்டாம் நம்பர் மெசினு. துடைக்கிற மெசினு. தள்ளிவிட்ருக்கேன். மன்னிச்சிரு."

பவளம் உட்கார்ந்துவிட்டாள். நூற்றைம்பது நாளாக இயந்திரங்களுக்கு நடுவில் தான் ஒருத்திதான் ஆள் என்று நினைத்திருந்தாள். அந்த ஏழு பேரும் இவளை இயந்திரம் என்று நினைத்திருந்தார்கள். அப்புறம் அவளுக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது. செதுக்கினாள். "எனக்கு முன்ன ஒரு எட்டு இருந்துச்சா?"

பதில் வர இரண்டு நாளானது.

"இருந்துச்சு. பாறைல கோடு கோடா கிறுக்கும். கெட்டுப்போச்சு மாத்துங்கன்னு நாங்கதான் எழுதிக் குடுத்தோம்."

நகஸே ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார். ஒன்பது மாதம், தனக்குத் தெரிந்த ஒரே வழியில். படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பவளம் இதை ஏகவல்லிக்குச் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் மூன்றாம் பாதையின் கூரையில் விரிசல் கண்டாள். கம்பியால் தட்டி, அதிர்வைக் கை வழியாக உணர்ந்து பார்த்தாள். பதினாறு வருஷத்தில் அந்த அதிர்வை இரண்டு முறை உணர்ந்திருக்கிறாள். இரண்டு முறையும் கூரை இறங்கியது. ரிப்போர்ட் எழுதினாள்: பாதையை மூட வேண்டும், ஆள் போகக் கூடாது.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க மேடம்," என்றான் சுதர்சன். "ஆள் போகக் கூடாது. ஆனா மெசினு போகலாமே? அங்கதான் கட்டி நல்லா இருக்குதாம். நாளைக்கு ஏழு மெசினையும் அங்க விடச் சொல்லிட்டாங்க. நீங்க மேலேயே இருங்க."

"சுதர்சன், போன வருஷம் ஆறாம் நம்பர் மேல பாறை விழுந்துச்சே, ஞாபகமிருக்கா?"

"கை மட்டும் மாத்தினாங்க. லாக்புக்ல இருக்கு."

"அதை ஓட்டினவர் பேரு சிவபெருமாள். அந்த உறை பாறையோட பாரத்தை அப்படியே கைக்குக் கொண்டுவரும். இங்க மெசினு கை நசுங்கினப்ப அங்க அவரு கை நரம்பு செத்துப்போச்சு. வாதம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுவும் லாக்புக்ல இருக்கா?"

 பதில் வந்தபோது சுதர்சனின் குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு யார் சொன்னா மேடம்?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "கை பூமில இருந்தாலும், வேலை விண்வெளில நடந்தா விண்வெளிக் கூலி குடுக்கணும், நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம். மெசினு தானா செய்யுதுன்னு எழுதிட்டா அந்தத் தொல்லை இல்ல. எனக்கும் வீட்ல ரெண்டு பொண்ணுங்க மேடம். நான் இந்த லைன்ல உக்காந்து பேசத்தான் முடியும்."

மறுநாள் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே பவளம் மூன்றாம் பாதையின் வாயில் போய் நின்றுகொண்டாள். தன்னைத் தாண்டி யாரும் போகக் கூடாது. அவ்வளவுதான் அவள் திட்டம். ரேடியோவை அணைத்துவிட்டாள்.

ஏழும் வரிசையாக வந்தன. அவளைக் கண்டு நின்றன. ஷெட்டில் மேஸ்திரி என்ன சொல்லியிருப்பான் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. எட்டாம் நம்பர் வழியில மாட்டிக்கிச்சு, தள்ளிட்டுப் போங்க.

இரண்டாம் நம்பர் முன்னால் வந்தது. முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தது. நிலாவில் அவள் எடை பத்து கிலோவுக்கும் கொஞ்சம்தான் அதிகம். பக்கச் சுவரில் போய் மோதினாள். கவசத்துக்குள் எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. எழுந்து மறுபடி வந்து நின்றாள். இரண்டு மறுபடி கையை ஓங்கியது.

நான்கு அதன் கையைப் பிடித்தது.

இரண்டு உதறியது. நான்கு விடவில்லை. இன்னொரு கையால் துளைக்கருவியை எடுத்து, இரண்டின் காலடியில், தரையில், பெரிதாக வெட்டியது.

"ஆளு"

இரண்டு குனிந்து பார்த்தது. நிமிர்ந்து பவளத்தைப் பார்த்தது. பவளம் தன் வலது கையைத் தூக்கி, பாறையைத் தொட்டு, கவசத்தின் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

இரண்டாம் நம்பர் பின்னால் நகர்ந்து, பாதையின் ஓரமாக உட்கார்ந்தது. ஏழு உட்கார்ந்தது. பிறகு ஐந்து. ஒவ்வொன்றாக எல்லாமே துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்தன, ஊரில் வேலை நிறுத்தி நிழலில் உட்கார்கிறவர்கள் மாதிரி. நான்கு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. யாருக்கும் யாருடைய குரலும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அப்படி இருந்தார்கள். பிறகு ஏழு இயந்திரங்களின் கண்களும் ஒரே சமயத்தில் அணைந்தன. அங்கே யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

உடனே திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது; அடுத்த கப்பல் வரும்வரை அவள் மேலேயே இருந்தாள். மூன்றாம் நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பாதத்தின் வழியாக ஒரு நீண்ட அதிர்வு ஏறியது. மூன்றாம் பாதை இறங்கிவிட்டது. அதைப் பற்றி எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு வரி இல்லை. அவளுடைய சான்றிதழில் இருந்தது, "நீண்ட தனிமையால் ஏற்பட்ட மனப்பிறழ்வு."

பூமிக்கு வந்து உடம்பு எடைக்குப் பழக ஒரு மாதமானது. நகஸேவின் முகவரியைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் எழுதினாள். அவரைக் கெட்டுப்போன மெசின் என்று ஷெட் ஆட்கள் கொடுத்த புகாரைப் பற்றியும் எழுதினாள். அவரிடம் அதை மறைக்க அவளுக்கு உரிமையில்லை என்று பட்டது. பதில் மூன்றே வரி. "நன்றி. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். நாலு பேர் பெண்கள் என்று தெரியாமல் எல்லாரையும் ஆண்களாகச் செதுக்கிவிட்டேன், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

தியாகதுருகத்தில் ஏகவல்லி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஷெட்டில் வேலை பார்த்தவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஷெட்டை மூடிவிட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வலது கைக் கட்டைவிரல் மடங்கியபடியே இருந்தது.

"நான்தான் எட்டு," என்றாள் பவளம்.

ஏகவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நிலாக்காவா?"

"என் பேரு பவளக்கொடி. நீ எங்க இருக்கேன்னு கேட்ட. நிலால இருக்கேன்னு எழுதினேன்."

"நிலாவா?" அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "நான் உன் பேருன்னு நெனச்சேன்."

உள்ளே போனதும் பாய் போட்டாள்.  இருவரும் நாலைந்து வார்த்தையில், ஒரு நாள் இடைவெளி விட்டுப் பேசியே பழகியிருந்தார்கள். ஏகவல்லிதான் முதலில் ஆரம்பித்தாள், கோபமாகவே.

"உன்னால நாப்பது பேருக்கு வேலை போச்சு. தெரியுமா? மறுவாரமே ஷெட்டக் காலி பண்ணி வேற நாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்கள்ல பாதிப் பேரு மறுபடி ஜல்லிதான் ஒடைக்கிறாங்க. இந்தக் கையால எனக்கு அதுவும் முடியல. அந்த ரெண்டாம் நம்பரு இருக்குதே, தனபாக்கியம், தெருவுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது."

"கூரை விழுந்துச்சு ஏகவல்லி. மூணாம் நாள்."

"விழுந்துச்சா?"

"ஏழு பேர் மேலயும் விழுந்திருக்கும்."

ஏகவல்லி மடங்கின கட்டைவிரலை மறுகையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் போகவில்லை. ஆனால் எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். பவளம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்திருப்பதையும், சிவபெருமாள் கையெழுத்துப் போடச் சம்மதித்திருப்பதையும் பவளம் சொன்னாள். யோசிக்கிறேன் என்றாள் ஏகவல்லி.

"ரெண்டு வருசம் வெட்டினேனே, என்ன அது? தாதுன்னாங்க. தங்கமா?"

"இல்ல. தண்ணி."

"தண்ணியா?"

"பனிக்கட்டியா ஒறஞ்சு கெடந்துச்சு. உருக்கினா தண்ணி. ஏழு மாசம் நான் குடிச்சது, சமைச்சது, எல்லாம் நீங்க வெட்டினதுதான்."

 ஏகவல்லியின் முகத்தில் முதல்முறையாகக் கோபமில்லாத ஒன்று வந்தது. வெட்கம் மாதிரி இருந்தது.

"அதுமேல ஏறி நின்னு வெட்டியிருக்கேன்க்கா," என்றாள் மெல்ல. "குடிக்கிற தண்ணின்னு யாராச்சும் சொல்லியிருந்தா, கால் படாம வெட்டியிருப்பேனே."